இன்றைக்குப் பாதி ஆயில்

என்னங்க, வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மெக்கானிக் பத்து மணிக்கு வருவார். கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

கியர்பாக்ஸ் ஆயிலை மொத்தமாக மாற்றச் சொல்லி அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். "செகண்ட் ஹேண்ட் வண்டி, நிறைய ஓடியிருக்கும்மா. ஒரேயடியா மாத்தினா கியர் வழுக்கும். இப்பப் பாதி மாத்துறேன். தூரமா ஓட்டிட்டு வாங்க, மீதிய அப்புறம் மாத்தலாம்" என்றார்.

மகள் வீட்டுக்குப் போய்வந்தால் போதுமா என்று கேட்டேன். தாராளமாகப் போதுமாம்.

வண்டி அவ்வளவு தூரம் தாங்காது என்று, அவளுக்குக் குழந்தை பிறந்தபோது சொன்னீர்கள். அதன் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம்.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அவள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்றால் நீங்கள் அவளோடு பேசக்கூட வேண்டாம். காரிலேயே உட்கார்ந்திருங்கள். குழந்தையை நான் வாசலுக்குத் தூக்கி வருகிறேன்.