பரணில் இருந்த 2005

2010 டிசம்பர் 31, வெள்ளி
மாலை நான்கு மணிக்கு, மனைவி சத்தியபாய், மகள் பெமிலா ஆகியோர் முன்னிலையில் ஒரு முடிவு எடுத்தேன். வரும் ஆண்டுக்குக் காலண்டர் கிடையாது. தேங்காய்க் கடையில் சும்மா கொடுத்ததையும் மறுத்துவிட்டேன். பரணில் 2005 இருக்கிறது. 2011-இல் ஒவ்வொரு தேதியும் அதே கிழமையில்தான் விழுகிறது. சுதந்திர தினம் திங்கள். காந்தி ஜெயந்தியும் கிறிஸ்துமஸும் ஞாயிறு. இரண்டு விடுமுறை அன்றும் போனது, இன்றும் போகிறது. அருமனை ஊரிலேயே இதைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவனே.

2011 ஜனவரி 1, சனி
மாட்டியாயிற்று. ஜூன் 6 கட்டத்தில் 'பெமிலாவுக்கு அம்மை' என்று இருக்கிறது. அழிக்கவில்லை.

ஜனவரி 9, ஞாயிறு
பெமிலாவின் கல்யாணத் தேதி குறிக்க, சம்பந்தி செல்வதாஸ் வந்தார். மாப்பிள்ளை பிரபினுக்கு மஸ்கட்டில் இருபத்தெட்டு நாள் லீவு. எந்தத் தேதிகள் என்று இந்த வாரமே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காலண்டரைப் பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் சபையில் கல்யாணம் நடத்துவதில்லை. பெரிய வெள்ளி மார்ச் 25, ஈஸ்டர் 27. ஆகவே ஏப்ரல் 14, வியாழன், அரசு விடுமுறை. லீவு மார்ச் 29 முதல் ஏப்ரல் 25 வரை. "சாருக்க தலை தலைதான்" என்றார் செல்வதாஸ். மறுக்கவில்லை.

ஜனவரி 12, புதன்
மண்டபம் கேட்டவுடன் கிடைத்தது. "அன்னைக்கு ஒருத்தரும் கேக்கேல்ல சாரே" என்றார் மண்டபக்கார ஐயப்பன். முன்யோசனை உள்ளவர்கள் இங்கே குறைவு.

பிப்ரவரி 20, ஞாயிறு
கல்யாண அறிவிப்பான ஓலையை ஆராதனையில் வாசிக்கச் சொல்லிப் போதகரிடம் சீட்டைக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சாரே, இது லெந்து நாளாக்குமே. இந்த வருசம் ஈஸ்டர் ஏப்ரல் இருபத்திநாலு."

ஈஸ்டர் நிலாவைப் பார்த்து வரும் பண்டிகை. கிழமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இதைப் பற்றிச் சபை மலரில் மூன்று பக்கம் எழுதியவன் நான். எப்படி விட்டேன் — நானா?

செல்வதாஸ் தன் வீட்டுக் காலண்டரைப் பார்க்கவே இல்லையாம். சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

பிப்ரவரி 21, திங்கள்
லீவை மாற்ற முடியாது. அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. பிரபின் போனில் அதிகம் பேசவில்லை. சத்தியபாய் பேசினாள்: "ஊரு முழுக்க சும்மா கிடைச்ச காலண்டரை மாட்டியிருக்கு. ஒங்களுக்குத்தான் அது கொறச்சலாப் போச்சு."

பெமிலா தன் போனில் ஏப்ரலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு வருசம் நான் காக்க மாட்டேன். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள். அன்னைக்கு வைங்கப்பா."

"அன்னைக்குத்தான் மக்கா அவனுக்குப் பிளைட்டு" என்றேன்.

"அது சாயங்காலமில்லா."

ஏப்ரல் 3, ஞாயிறு
அந்தத் திங்களுக்கு மண்டபத்தில் ஏற்கெனவே ஒரு கல்யாணம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். ஓலை முதல்முறை வாசித்தார்கள். தேதி வந்ததும் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு. பெமிலா தலையைக் குனியவில்லை. அந்தக் கழுத்து என் அம்சம்.

ஏப்ரல் 25, திங்கள்
2005-லும் இது திங்களே. காலண்டரில் பிழை இல்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

எட்டரைக்குத் தாலி. பத்தரைக்குப் பந்தி. பிரபின் கல்யாணச் சட்டையோடு சாப்பிட்டான், இரண்டு முறை பாயசம் கேட்டான். பதினொன்றரைக்கு அவனை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். விமானம் ஐந்து நாற்பதுக்கு.

திரும்பும்போது முன்சீட்டில் நான். பின்னால் சத்தியபாயும், கல்யாணப் புடவையில் பெமிலாவும்.