அத்தை நம்பிய விளம்பரம்

குனோங் ராபாட், ஈப்போ

அன்பு மகன் பவித்ரனுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மா விமலாவும் நானும் சுகம்தான், மழைக்கு அவள் முட்டி மட்டும் வலிக்கிறது. சென்னையில் உன் உடம்பும் குரலும் நன்றாக இருக்கவேண்டுமென்று தினமும் கும்பிடுகிறோம். தங்கை ஷர்மினிக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இடைத்தேர்தலில் நின்ற ஒரு வேட்பாளருக்காக நீ பேசிய விளம்பரம், "இவரு நம்ம வீட்டு ஆளு, என்னை நம்பி ஓட்டுப் போடுங்க" என்று, இங்கே எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்ததிலிருந்து உன்னைத் தெரியாதவர் யார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வேட்பாளரை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டதற்கு, "இல்லப்பா, எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன்" என்றாய். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிலிம் ரிவர் பக்கம் மூடிப்போன தோட்டத்தின் தொழிலாளர் லயத்து வீடுகளில் உன் காளியம்மா அத்தையும் இன்னும் பதினோரு குடும்பமும் வீட்டுமனைக்குக் காத்திருப்பது உனக்குத் தெரியும். ஆறு வருடமாக அவர்களை நில அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் புனிதா டீச்சர். அவளும் இந்தத் தேர்தலில் நின்றாள். ஓட்டு அவளுக்கே என்றிருந்த அத்தை விளம்பரத்தில் உன்னைப் பார்த்ததும் மாறிவிட்டாள், லயமே அவள் பின்னால் போனது. பஸ் ஏறிப் போய், அவனுக்கு அந்த ஆளைத் தெரியாது அக்கா என்று சொன்னேன். "அப்ப நம்ம புள்ள பொய்யா சொல்றான்?" என்று கேட்டாள். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவர் ஜெயித்தார். போன வாரம் அத்தையும் நாலு பேரும் மனை விஷயமாக அவருடைய தொகுதிச் சேவை மையத்துக்குப் போயிருக்கிறார்கள். பவித்ரனின் அத்தை என்று சொன்னதற்கு, எந்தப் பவித்ரன் என்று கேட்டானாம் அங்கிருந்தவன். வீடியோவைப் போட்டுக் காட்டினாளாம். "அது விளம்பரக் கம்பெனி செஞ்சது லா அக்கா, மனு எழுதி வச்சிட்டுப் போங்க" என்றானாம். மறுநாள் புனிதா வழக்கம்போல ஃபைலைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தைக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டு, "தம்பி, இத புள்ளகிட்ட சொல்லிடாத, மனசு ஒடஞ்சிருவான்" என்றாள். அவள் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். உன்னைத் திட்ட அல்ல. உன் வாய்க்கு இங்கே எவ்வளவு மதிப்பு என்று உனக்கே தெரியவில்லையே, அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

நீ நீண்ட ஆயுளோடு நல்ல பேரோடு இருக்கவேண்டும். வெயிலில் ரொம்ப அலையாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அத்தைக்குப் போன் செய். சாப்பிட்டியா என்றுதான் முதலில் கேட்பாள். அதோடு பேச்சை முடித்துவிடாதே.

உன் அப்பா,
இராமசாமி