செல்வியின் கன்னத்துப் பொட்டு

அக்கா,

இன்று காலையில் மருமகள் மை டப்பாவைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. பேரனைக் குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, விரலைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். "அங்க வேணாம்மா!" என்று கத்தியேவிட்டேன். குழந்தை பயந்து அழுதது. "கண்ணு படும் அத்தை, எப்டி கொழுகொழுன்னு கீறான் பாருங்க" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? உள்ளே வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்றாலும், இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மயிலாப்பூர் கால்வாய்க்கரையில் உன் குடிசை. அம்மா செத்த பிறகு நானும் உன்னோடு வந்து ஒட்டிக்கொண்டேன். விடியுமுன் நீ பால் பூத் வரிசையில் நிற்பாய். நீ வேலை செய்த மாடவீதி வீடுகளுக்கெல்லாம் பால் பாட்டில் உன் கையால்தான் போகும். பாட்டில் உடைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு போவாய். அந்தப் பாலில் ஒரு சொட்டு நம் குடிசைக்கு வந்ததில்லை.

உன் பெண் செல்வி நடக்கப் பழகிய சமயத்தில் அவளுக்குத் தம்பி பிறந்தான். உன் பால் அவனுக்குப் போனது. சவலைப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நீ வேலைக்குப் போனபின், முனைக் கடையில் டீ வாங்கி, பொறை ரொட்டியை நனைத்து அவளுக்கு ஊட்டுவேன். சாயங்காலம் கஞ்சித்தண்ணி. குழம்பில் மீன் விழுந்தால் அது மாமாவின் தட்டுக்குப் போகும். ரிக்‌ஷா இழுக்கிற உடம்பு, அவர் படுத்துவிட்டால் அடுப்பு எரியாது என்பாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இழுத்த கூலியில் பாதியைச் சாராயக் கடையில் கொட்டிவிட்டு வந்தாரே, அதற்கு என்ன சொல்கிறாய்? நீ அந்த மனுஷனை மன்னித்துவிட்டாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் செல்வி மெலிந்தாள். விலா எலும்பு தெரிந்தது, பயந்தோம். மழைக்காலத்தில் பேதி கண்டு, அது நின்ற பிறகு கன்னம் உப்ப ஆரம்பித்தது. ஐயோ அக்கா, நாம் எப்படிச் சந்தோஷப்பட்டோம்!

எதிர்க்குடிசை கன்னியம்மா வந்து பார்த்து, "இன்னாடி, உம் பொண்ணு தேறிட்டா! காலுகூட திம்முனு கீதே" என்றாள். முடி செம்பட்டையாக மாறியதற்கும் ஒரு பாராட்டு: "தொரை வூட்டுப் பொண்ணு கணக்கா கீறா." உட்கார வைத்த இடத்தில் அப்படியே இருப்பாள், அழமாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். அதற்கும் சமத்து என்று பெயர். ஒருநாள் அவளை வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனாய். அந்த வீட்டு மாமி பார்த்துவிட்டு, "அடி, நன்னா புஷ்டியா ஆயிட்டாளே! ஆத்துக்குப் போனதும் சுத்திப் போடு, என் கண்ணே பட்டுடும்" என்றாளாம். நீ பூரித்துப்போய் வந்து சொன்னாய்.

அன்று சாயங்காலமே உப்பு, மிளகாய், தெருமண் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாய். நெடி வரவில்லை. "பாத்தியா, எம்மாம் கண்ணு பட்டிருக்குது!" என்று நீயே மை கூட்டி, அவள் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாய். அதுமுதல் தினமும் வைத்தாய்.

தொடையில் தோல் உரியத் தொடங்கியதும்தான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா கன்னத்தைப் பார்க்கவே இல்லை. செல்வியின் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். பள்ளம் விழுந்தது. அப்படியே இருந்தது, எழும்பவில்லை.

"இது சதை இல்லம்மா, தண்ணி. கொழந்தைக்கு என்ன குடுக்கறீங்க?"

"டீயி, பொறை, கஞ்சி... வவுறு ரொம்பத்தான் குடுக்கறேன் டாக்டரம்மா" என்றாய்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பாலும் முட்டையும் பருப்பும் எப்போதோ கொடுத்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். வார்டில் டம்ளரில் பால் கொடுத்தார்கள். நீ ஊட்டினாய். செல்வி துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் பால் சுமந்த உன் பெண்ணுக்குப் பாலின் ருசி பழக்கமில்லை, அக்கா. அன்று உன் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அந்த வாரமே போய்விட்டாள். துணியில் சுற்றும்போது கன்னத்துப் பொட்டைத் துடைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இருக்கட்டும்டி. எல்லாரும் நல்லா கீதுன்னுதானே சொன்னாங்கோ?" என்றாய். 

பிறகு நான் படித்துப் பால்வாடி வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் பிடித்து அழுத்துவேன். "டீச்சரு வந்ததும் வராததுமா புள்ள கால்ல வுழுறாங்க" என்று தாய்மார்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சில கால்களில் பள்ளம் நின்றது. அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நானே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன்.

கடைசியில் உனக்குச் சிறுநீரகம் கெட்டு, கால் இரண்டும் வீங்கிப் படுத்திருந்தாய். தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அழுத்திப் பாரேன்" என்றாய். அழுத்தினேன். "எழும்புதா?" என்று கேட்டாய். எழும்புது என்றேன். "பொய் சொல்றியேடி" என்று சிரித்தாய். பிறகு, யார் காதிலும் விழக்கூடாது என்பதுபோல, "அவளுக்கும் இப்டித்தான் பாரமா இருந்திருக்குமா?" என்றாய்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் பேரனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுப் போனாள். கன்னத்தில் பொட்டு இல்லை, துடைத்திருக்கிறாள். அவன் காலைப் பிடித்து அழுத்தினேன். பள்ளம் உடனே எழும்பிவிட்டது. கெட்டிச் சதை. காலை உதறிக்கொண்டு சிரிக்கிறான். நான் மறுபடி அழுத்துகிறேன், அக்கா.