பாதித் தோட்டம்

மே 19, திங்கள்

இன்றைக்கும் திராட்சை கிலோ முப்பத்தெட்டுக்குத்தான் போனது. வியாபாரியைத் திட்டியபடியே அப்பா உள்ளே வரவும் என் ஃபோனில் மெயில் வரவும் சரியாக இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகம். என் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து, ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கும் கல்விக் கட்டணம் முழுத் தள்ளுபடி. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கட்டினால் போதும்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வடக்கே தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஏற்கெனவே இடம் கிடைத்துவிட்டதே. காமயகவுண்டன்பட்டியிலிருந்து அங்கே போகும் முதல் ஆள் அருள்செல்விதான் என்று போன ஞாயிறு பூசையில் ஃபாதர் பெயர் சொல்லி அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். வருடத்துக்கு நான்கு லட்சம், ஐந்து வருடத்துக்கு இருபது லட்சம் என்பது கை தட்டியவர்களுக்குத் தெரியாது.

மெயிலைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "ஓசியா குடுக்குறாகன்னா அங்கன ஆளு சேரலைன்னு அர்த்தம்."

அம்மா நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மே 21, புதன்

அல்லிநகரம் வினோத்ராஜ் அண்ணன் நம்பரை எங்கள் பள்ளி டீச்சர் கொடுத்தார். அவரும் இப்படி ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது மும்பையில் பெரிய நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். மூன்று தடவை கூப்பிட்ட பிறகு எடுத்தார்.

"மாசம் நாப்பதாயிரம் கடனுக்கே போகுதும்மா. வேல பிடிக்கல. ஆனா கடன் தீருற வரைக்கும் விட முடியாது" என்றார். சரி, பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். உடனே பேச்சை மறுபக்கம் திருப்பிவிட்டார். "ஆனா ஒண்ணு. அந்தக் காலேஜு பேரு இல்லன்னா இந்த ஆபீஸ் லிஃப்ட்டுல கூட என்னைய ஏத்தியிருக்க மாட்டாக."

"அப்ப நான் என்னண்ணே பண்ண?"

"எனக்கே தெரியலயேம்மா."

நல்ல ஆலோசனை. கோர்ட்டில் வாதாட நான் ஆசைப்படுகிறேன், மும்பை நிறுவனத்தில் உட்கார அல்ல. ஆனால் இருபது லட்சம் கடனை வைத்துக்கொண்டு உத்தமபாளையம் கோர்ட்டில் ஜூனியராக நின்றால் வட்டிக்குக் கூடக் காணாதே. அப்படியானால் பெரிய கல்லூரியில் படித்துவிட்டு எனக்குப் பிடிக்காத வேலைக்குத்தான் போக வேண்டுமா? அதற்கு எதற்கு அந்தப் பெரிய கல்லூரி?

ஆனால் அந்தப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கே முதுகு நிமிர்கிறது. பொய் சொல்லக் கூடாது.

மே 23, வெள்ளி

கம்பத்தில் வங்கிக்குப் போனோம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு வேண்டும் என்றார் மேனேஜர். ஈடு கேட்காமல் கொடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறதாம், அதில் என் கல்லூரி இல்லையாம். நாடே கொண்டாடும் கல்லூரி அவர் கம்ப்யூட்டரில் இல்லை. அவரைச் சொல்லி என்ன செய்ய?

தோட்டத்துப் பட்டாவை அப்பா நீட்டினார். இரண்டு ஏக்கர், பந்தல், கிணறு. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. பாட்டி முன்பே போய்விட்டாள்; தாத்தா உயில் எழுதாமல் இறந்தவர்.

"வாரிசு எத்தன பேரு?"

"நாந்தான் சார்" என்றார் அப்பா. பட்டாவை ஒரு தடவை புரட்டிவிட்டு, "ஒரு தங்கச்சி இருக்கு" என்றார்.

"அப்ப அவங்களும் வரணும். ஒண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்து ஈடு எழுதிக் குடுங்க. இல்லாட்டி அவங்க பங்க விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா, நீங்க மட்டும் போட்டாப் போதும்."

திரும்பி வரும் வழியெல்லாம் பைக்கில் அப்பா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கும் சந்தோஷம்தான். வழி ஒன்று கிடைத்துவிட்டதே.

மே 24, சனி

ரோஸ்லின் அத்தைக்கு அப்பா ஃபோன் போட்டார். நானும் பக்கத்திலேயே இருந்தேன்.

"புள்ள படிப்புக்குத்தானே, கையெழுத்துத்தானே? போட்டுட்டாப் போச்சு. அன்னைக்கு ஒரு நா கூலி போகும், அம்புட்டுத்தானே. செல்விகிட்டச் சொல்லு, வக்கீலானதும் அந்தக் கூலியக் குடுக்கணும்னு." அத்தையின் சிரிப்புச் சத்தம் ஸ்பீக்கரைத் தாண்டி வந்தது.

அத்தை ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறாள். விடிவதற்கு முன் ஜீப் ஏறிக் குமுளி மலைக்குப் போய் இருட்டும்போது இறங்குகிறாள். இருபது வயதில் அந்த ஜீப்பை ஓட்டிய கருத்தக்கண்ணன் மாமாவைக் கட்டிக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனவள். அவர் இந்து. மாதா கோவிலில் கல்யாணம் இல்லை, நகை இல்லை, சீர் இல்லை. தாத்தா சாகும்வரை பேசவில்லை. அப்பா பேசுவார், திருவிழாவுக்குக் கூப்பிடுவார். அதுவே பெரிய மனசு என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

மே 27, செவ்வாய்

அத்தை கையெழுத்துப் போட வேண்டிய விடுதலைப் பத்திரத்தின் நகலை அப்பா வாங்கி வந்திருந்தார். படித்தேன். 'மேற்படி சொத்தில் எனக்கு எவ்விதப் பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லை.' கைம்மாறாக அத்தைக்கு என்ன கிடைக்கிறது என்ற இடத்தில் 'அன்பின் காரணமாக' என்று இருக்கிறது.

அந்தத் தோட்டத்தில் பாதி அத்தைக்கு. எந்த மதத்து ஆளைக் கட்டினாலும் அது மாறாது. நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது வாரிசுரிமை என்று நாலு வரி வந்தது, அதை மனப்பாடம் செய்து சரியாக எழுதி மார்க்கும் வாங்கினேன். அது அத்தையைப் பற்றியது என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். "சேந்து ஈடு குடுத்தாலும் போதும்னுதானே மேனேஜர் சொன்னாக? அப்படிச் செஞ்சா அத்தை பங்கு அத்தைக்கே இருக்கும்ல?"

"அவ பேரு ஒரு தடவ ஏறிட்டா ஏறுனதுதான் ஆத்தா. பின்னால சிக்கலு."

"அது அவுக பங்குதானேப்பா."

"அன்னைக்கே வேணாம்னுதானே போனா." சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு மருந்து அடிக்கப் போய்விட்டார்.

அம்மாவிடம் போனேன். "ஒனக்காகத்தான் செய்யிறாரு. நீயே நோண்டாத" என்றாள்.

எனக்காகத்தானா? அல்லது என்னைச் சாக்கு வைத்தா? அப்பாவைப் பற்றி இப்படி எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன். ச்சீ.

மே 28, புதன்

நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் எழுதிப் பார் என்றார் டீச்சர். எழுதினேன். பாதியில் எந்தப் பக்கம் எது என்று மறந்துவிட்டது.

மே 30, வெள்ளி

கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். சேர்கிறீர்களா இல்லையா என்று ஜூன் ஐந்துக்குள் சொல்ல வேண்டுமாம். ஒவ்வொரு வருடமும் அவர்கள் சொல்லும் மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்கினால் தள்ளுபடி போய்விடுமாம். "ஒரு தடவ காய்ச்சல்ல பரீட்சை சரியா எழுதலைன்னா?" என்று கேட்டேன். "விதி விதிதான் மேடம்" என்றாள். இலவசத்துக்கும் ஒரு கழுத்துக் கயிறு இருக்கிறது.

வடக்குக் கல்லூரிக்குப் பணம் கட்டக் கடைசி நாள் ஜூன் பத்து. பத்திரப் பதிவு ஜூன் நான்கு.

ஜூன் 1, ஞாயிறு

பூசை முடிந்ததும் டவுன் பஸ் பிடித்துச் சுருளிப்பட்டிக்குப் போனேன். தோழி வீட்டுக்கு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அத்தை கோழிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்தேன். பிறகு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்: பாதி, பத்திரம், சேர்ந்து ஈடு கொடுக்கும் வழி, அப்பா வேண்டாம் என்றது.

அத்தை சட்டென்று நம்பவில்லை. "பாதியா? எனக்கா?"

"ஆமா அத்தை."

"உங்க மாமாவக் கட்டுனதுக்கு அப்புறமுமா?"

"ஆமா."

மாமா வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து, "ஏங்க, கேட்டீகளா, நான் ஒரு ஏக்கர் தோட்டக்காரியாம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இத்தன வருசத்துல ஒரு ஆளு சொல்லல பாத்தியா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பெரிய எடத்துல படிக்கணும்னு எனக்கும் ஆசதான் செல்வி. நீ போடச் சொன்னாப் போடுறேன். ஒன் வாயால சொல்லு."

சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஓடி வந்துவிட்டேன். பஸ் வரவே இல்லை, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன்.

ஜூன் 2, திங்கள்

போடச் சொல்லலாம். வக்கீலாகி சம்பாதித்து அத்தைக்கு அந்தப் பங்கைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுப்பேனா? அப்பா விடுவாரா? வினோத்ராஜ் அண்ணன் ஒரு வேலையைக் கூட விட முடியாமல் இருக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லும்போது அது அத்தைக்காகவா, அல்லது இருபது லட்சத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள மனமில்லாததாலா? கடனுக்குப் பயந்துகொண்டு அத்தையைக் காரணம் காட்டுகிறேனோ? இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, பிரிக்க முடியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

எனக்கு அந்தக் காலேஜ் வேணும். வேணும். வேணும்.

ஜூன் 4, புதன்

ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர் கடை. அப்பா, அம்மா, நான், மாமா, அத்தை. அத்தை தலை நிறையப் பூ வைத்து, திருவிழாச் சேலை கட்டி வந்திருந்தாள். பத்திர எழுத்தர் படித்துக் காட்டினார். எந்தெந்த இடத்தில் கையெழுத்து என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்.

அத்தை பேனாவை வாங்கினாள். குனிந்தாள். அப்புறம் நிமிர்ந்து, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"செல்வி, போடவா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

என்ன யோசித்தேன் என்று இப்போது எழுத முடியவில்லை. யோசிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். "போடாதீக அத்தை" என்று என் குரல் சொன்னது.

அத்தை பேனாவை மூடி எழுத்தரிடம் கொடுத்தாள். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே போய் பைக்கில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவும் நானும் பஸ்ஸில் வந்தோம். "ஒன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுட்ட" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

எனக்கு அத்தை மேலயும் கோபம் வருது. அவ நிலம், அவ கை. என்னைய எதுக்குக் கேக்கணும்? பதினெட்டு வயசுப் புள்ளைகிட்டயா கேப்பாக? நான் போடுன்னு சொல்லியிருந்தா அவ சந்தோசமாப் போட்டிருப்பா, நானும் வடக்க போயிருப்பேன்ல.

ஜூன் 5, வியாழன்

சேர்ந்து ஈடு கொடுக்க அப்பா இன்றும் இறங்கி வரவில்லை. கோயம்புத்தூருக்குச் சம்மதம் அனுப்பினேன். வாழ்த்துகள் என்று பதில் வந்தது, கூடவே ஒரு பலூன் படம்.

ஜூன் 10, செவ்வாய்

வடக்குக் கல்லூரிக்குக் கடைசி நாள். சாயங்காலம் வரை அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். அப்பாவும் இன்று தோட்டத்துக்குப் போகவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாக அழுதோம் என்று நினைக்கிறேன். அவர் அழுததை நான் பார்க்கவில்லை, முகம் கழுவப் போனதைத்தான் பார்த்தேன்.

ஜூலை 16, புதன்

விடுதி. அறையில் மூன்று பேர். 'நீ எதுக்கு இங்க சேந்த, உனக்கு அங்க கிடைச்சதாமே' என்று யாரோ தினமும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்கிறேன். எல்லாமே உண்மை மாதிரிதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

முதல் தேர்வில் தள்ளுபடிக் கோட்டுக்கு மேலே இருக்கிறேன், கொஞ்சம்தான். அப்பா இன்னும் என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. அம்மா ஃபோனில் பேசும்போது பின்னாலிருந்து இருமுவார்.

அக்டோபர் 14, செவ்வாய்

மதியம் அப்பாவிடமிருந்து வாட்ஸப்பில் மூன்று படங்கள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவராக எனக்கு அனுப்பிய முதல் செய்தி. வக்கீல் நோட்டீஸ். ரோஸ்லின் அத்தை தன் பாதித் தோட்டத்தைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கீழே அப்பாவின் குரல் பதிவு: "ஆத்தா, இங்கிலீசுல இருக்கு. என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு."

ஏதாவது ஒரு தப்பு இருக்காதா என்று தேடித்தான் படித்தேன். சர்வே எண், பரப்பு, தாத்தா இறந்த தேதி, எல்லாம் சரியாக இருந்தன. கிணற்றில் பாதி உரிமையைக் கூட விடவில்லை. மொட்டை மாடிக்குப் போய்க் குரல் பதிவு செய்து அனுப்பினேன். "அத்தை கேக்குறது நியாயம்தான்ப்பா. பாதி அவுகளுக்குச் சேரும்."

பதில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். "அந்தப் பெரிய காலேஜுல படிச்சிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பியா ஆத்தா?"

அதை நான்கைந்து தடவை கேட்டேன். பிறகு பதில் சொன்னேன்.

"அங்க போயிருந்தா அத்தை அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பாக. இந்த நோட்டீஸே வந்திருக்காதுப்பா."