காலியாக வந்த நிபந்தனை

இன்று காலை அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தேன். ஊசியில் மருந்தை ஏற்றியபடியே நர்ஸ் திரையைப் பார்த்து, "அலர்ஜி எதுவும் இல்ல" என்றார். திரை சொன்னது சரிதான். ஆனாலும் என் கை அவர் கையைப் பிடித்துவிட்டது. உன் நினைவு வந்துவிட்டது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நமக்கு அடுத்தடுத்த நாற்காலி. நான் வேலூரிலிருந்து வந்தவள். நீ அந்த ஊரிலேயே, ஜோகுபாளையத்தில் பிறந்தவள். ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளைப் பெர்ல் என்ற நிரல்மொழியில் பராமரித்தோம். டேட்டாபேஸுக்கான கட்டளையை, அதாவது குவெரியை, நாம் எழுதுவதில்லை. இன்ன நிபந்தனைக்கு உட்பட்டதை எடு, அழி என்று பெர்லில் சொன்னால் போதும்; ஓ.ஆர்.எம். என்ற மென்பொருள் அடுக்கு அதைக் குவெரியாக்கி அனுப்பிவிடும். எல்லோருக்கும் அது வசதி. உனக்கு மட்டும் அதில் ஒரு பயம் இருந்தது.

இருமுறை பதிவான அலர்ஜிக் குறிப்புகளை அழிக்கும் வரியைக் காட்டி, "இந்த கண்டிஷன் காலியா வந்தா?" என்று டீம் லீடைக் கேட்டாய்.

"அதெல்லாம் வராதும்மா. டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சு."

வந்தது. ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். பிழைச் செய்தி எதுவும் இல்லை. நீ ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்தாய். பிறகு இன்னொருவருடையது, இன்னொருவருடையது. எல்லாவற்றிலும் 'அலர்ஜி இல்லை'. நாற்காலியை என் பக்கம் திருப்பினாய்.

"கண்டிஷன் காலியா வந்திருக்கு. எதை அழிக்கணும்னு அது கேக்கலடி. எல்லாத்தையும் அழிச்சிடுச்சு."

மேலிடத்துக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார் டீம் லீட். நீ காத்திருக்கவில்லை. வார்டுக்கே போன் போட்டு, "சிஸ்டர், இஞ்செக்‌ஷன் கொடபேடி!" என்று கன்னடத்தில் கத்தினாய், யாருக்கும் ஊசி போடாதீர்கள் என்று. மறுமுனையில் அந்த சிஸ்டர் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. ஒருவருக்குப் போட்டாயிற்று.

அவர் ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்தார். பேக்கப்பிலிருந்து பதிவுகளும் திரும்பி வந்தன. 'நெட்வொர்க் கோளாறு' என்று பொய்யாக முடிந்த அறிக்கையில், அதை எழுதியவர்களோடு உன் பெயரையும் சேர்த்தார்கள். எடுக்கச் சொன்னாய், எடுக்கவில்லை. வேலையை விட்டாய்.

புற்றுநோய் உன்னைப் படுக்கையில் தள்ளியபின் பார்க்க வந்தேன்.

"அந்த வரிய மாத்திட்டாங்களா?"

"நானே மாத்திட்டேன். இனி காலியா வந்தா எதையும் அழிக்காம நின்னுடும்."

கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று நான் எழுந்தபோது, "அதை வேற எங்கெல்லாம் காப்பி பண்ணி வெச்சிருக்காங்களோ..." என்றாய்.

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதற்குப்பின் கம்பெனிகள் மாறிவிட்டேன். சேர்ந்த இடத்திலெல்லாம் முதல் வேலையாக அந்த மாதிரி வரியைத் தேடுகிறேன். இதுவரை ஓரிடத்திலும் கிடைக்காமல் போனதில்லை.