எதிர்க்கட்சித் தலைவி ஆயிஷா

மதுரை,
வெள்ளிக்கிழமை

என் மச்சானுக்கு ஃபர்ஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மகளும் நலம். ஷார்ஜாவில் வெயில் தணிந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? பக்கத்து வீட்டு அசீம் அங்கே வருகிறான். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தீராத சேதி என்பதால் இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆயிஷாவின் பள்ளிக்கூடத்தில் மாணவர் நாடாளுமன்றம் தொடங்கியிருக்கிறார்கள். பிரதமர் பதவிக்கு நம் மகள் நின்று, ஜவுளிக்கடை ராஜாராம் மகள் காவ்யஸ்ரீயிடம் தோற்றுவிட்டாள். அன்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை. மறுநாள் சமூக அறிவியல் டீச்சர் வசுந்தரா, "தோத்தவங்களுக்கும் சபையில வேலை இருக்கு. நீதான் எதிர்க்கட்சித் தலைவி" என்றாராம்.

வெள்ளைக்காரர் காலத்துப் பாடத்தில் அடங்கி நடப்பவரே நல்ல குடிமகன் என்றுதான் இருந்ததாம்; டீச்சர் வகுப்பில் சொன்னாராம். நாம் படித்தபோதும் குடிமையியல் பாடம் புத்தகத்தின் கடைசியில்தான் கிடந்தது. பரீட்சை நெருங்கும்போது அவசரமாக நடத்துவார்கள். உரிமைகளை ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கினேன். அதில் ஒன்றை எழுந்து நின்று கேட்கலாம் என்று யாரும் சொன்னதில்லை.

புதன்கிழமை சபை கூடியபோது பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஆயிஷா எழுந்தாள். "பொண்ணுங்க பாத்ரூமை மத்தியானம் வரைக்கும் ஏன் பூட்டி வைக்கிறீங்க? போக முடியாதுன்னு நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல" என்றாள்.

தலைமையாசிரியையின் முகம் சிவந்துவிட்டது. டி.சி. கொடுத்துவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

காவ்யஸ்ரீ எழுந்து, "எதிர்க்கட்சித் தலைவி கேட்டது சரிதான். நானும் தண்ணி குடிக்கிறதில்ல. ஓட்டுக்கு விடுவோம்" என்றாள். இரண்டு கட்சிப் பிள்ளைகளும் கை தூக்கினார்கள். தலைமையாசிரியை சாவியை வாங்கிக்கொண்டு தானே போய்ப் பூட்டைத் திறந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, மச்சான். யா அல்லாஹ், ஓட்டுப் போடும் வயதுகூட ஆகாத பிள்ளைகள்!

வரும் வழியில், "பயமா இல்லையாடி?" என்றேன். "அம்புட்டுப் பயமும் இருந்துச்சும்மா. ஆனா கேக்குறது சண்டை இல்லையே" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அத்தா லீவு கேட்டாங்களாம்மா?" என்றாள்.

பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, கேட்டால் கோபிப்பார் என்று நீங்கள் சொன்னதையே சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

ஒருமுறை கேட்டுப் பாருங்கள், மச்சான். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். உங்கள் நாவுக்கு அல்லாஹ் வலுவைத் தரட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்
ஃபர்ஹா