எண்ணூறு கிராம்

மே 3, ஞாயிறு

அவனியாபுரம் பஸ் ஸ்டாப்பில் என் மகள் இடது கையால் ஈட்டி எறிந்துகொண்டிருக்கிறாள். பதினெட்டு அடி ஃப்ளெக்ஸ். நாகஜோதி பிறந்ததிலிருந்து வலது கைக்காரி. ஊர் நற்பணி மன்றத் தலைவர் நல்லகாமன் அண்ணன் படம் எதிர்ப்பக்கம் வருவதால், அவரைப் பார்த்து நிற்கட்டும் என்று டிசைன் போட்டவன் இவளைத் திருப்பிவிட்டானாம். அவர் தலை தண்ணித் தொட்டி அளவு. இவள் தலை சொம்பு அளவு. மேலே "தங்க மங்கையே!" ஆசிய ஜூனியர் போட்டிக்கு இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் தங்கம்.

திட்டிக்கொண்டே அதன் முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் ஸ்டாம்பு அளவில் நானும் இருக்கிறேனே.

மே 5, செவ்வாய்

நாகமலை புதுக்கோட்டை மைதானத்துக்குப் போயிருந்தேன். கோச் தமிழ்வாணி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த வருசம் இவளுக்கு வயசு தாண்டிரும். ஜூனியர்ல இதான் கடைசி. விழா கிழான்னு போனா, உக்காந்துட்டு வரட்டும். கைய மட்டும் ஓங்கக் கூடாது. எம்புட்டு எறியணும்னு நான் கணக்கு வச்சுருக்கேன், அண்ணே."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் சர்வதேசத் தரம்.

மே 10, ஞாயிறு

பாராட்டு விழா. பத்து மணிக்கு என்றார்கள், தலைவர் வந்தது பன்னிரண்டரைக்கு. நாகஜோதி பட்டுச்சேலையில் வெயிலில் நின்றாள். சால்வை மட்டும் இருபத்தி மூன்று. மே மாதம் மதுரையில் சால்வை! போர்த்துகிறவனுக்கும் வேர்க்கிறது, போர்த்திக்கொள்கிறவளுக்கும் வேர்க்கிறது. யாருக்காக இது?

பிறகு பரிசு. ரிப்பன் சுற்றிய புது ஈட்டி. நல்லகாமன் அண்ணன் முதலில் என் கையில் கொடுத்தார். வாங்கினேன்.

இருபத்திரண்டு வருஷமாகக் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்புதான் ஒன்பதாவது; இரும்போ அலுமினியமோ, தராசு இல்லாமலே கை சொல்லிவிடும். பெண்கள் ஈட்டி அறுநூறு கிராம். இது எண்ணூறு. ஆம்பளைகள் எறிகிறது. கடையில் போய் "நல்லதாக் குடு" என்று கேட்டு வாங்கியிருப்பார்கள்.

மைக்கில் அண்ணன் சொன்னார்: "நம்ம புள்ள இந்த ஈட்டிய ஒரு தடவ எறிஞ்சு காட்டும்!" ஒரே விசில்.

நாகஜோதி என்னைப் பார்த்தாள்.

"ஒரு தடவதானம்மா. பெரியவுக ஆசைப்படுறாக." — நான் சொன்னதுதான். என் வாய்தான்.

முந்தானையைச் செருகிக்கொண்டு, ஓடாமல், நின்ற இடத்திலிருந்து எறிந்தாள். அண்ணன் அதைக்கூடப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மே 11, திங்கள்

வீங்கியிருக்கிறது. முத்துமீனா ஐஸ் வைக்கிறாள். பெண்டாட்டி திட்டாத நாள்தான் பெரிய திட்டு.

மே 12, செவ்வாய்

ஸ்கேன். தசைநார் கிழியவில்லை, ஆனால் போட்டி வரைக்கும் எறியக் கூடாது என்றார் டாக்டர். மேடம் முகம் சிவந்துவிட்டது. "யார் எறியச் சொன்னது?"

"நானாத்தான் எறிஞ்சேன் மேடம்" என்றாள் நாகஜோதி.

நான் அங்கே ஒரு வேப்பமரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 13

சீ.

மே 17, ஞாயிறு

ஏர்போர்ட்டில் விட்டுவந்தேன். அவள் ஈட்டிகளை வைத்த நீளக் குழாயை ஏற்ற மாட்டேன் என்று கவுன்டரில் முக்கால் மணி நேரம் பேச்சு. அது முடிந்த பிறகு சொல்லிவிட்டேன். "அன்னைக்கு விழாவுல குடுத்தது ஆம்பளைக ஈட்டிம்மா. தூக்குனதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எனக்குந்தான் தெரிஞ்சது. நீங்க வேணாம்னு சொல்லுவீகன்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லியிருக்கலாம். பஸ் எத்தனை மணிக்கு என்பது போலச் சொன்னாள். "வாரேம்ப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டிரண்டு படியாக மேடை ஏறத் தெரிந்த மனுசனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வரலையே. எதுக்கு? ஒரு சால்வைக்கா? எனக்கும் ஒண்ணு போத்துனாங்யல்ல. அதுக்கா?

மே 22, வெள்ளி

போட்டி நடக்கிற இடத்திலிருந்து போன் வந்தது. முதல் எறி நாற்பத்தெட்டு மீட்டர். இரண்டாவது ஐம்பதைத் தாண்டியது. மூன்றாவதுக்குக் கை மேலே எழவில்லையாம். விட்டுவிட்டாள். ஒன்பதாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் மேற்கொண்டு மூன்று எறி.

எட்டாவது ஆளுக்கும் இவளுக்கும் இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

பட்டறையில் டேப்பை இழுத்துப் பார்த்தேன். என் கையை விரித்து வைத்தேன். சரியாக ஒரு சாண்.

மே 23, சனி

ஃப்ளெக்ஸைக் காணவில்லை. அதே சட்டத்தில் ஒரு காதுகுத்து. நல்லகாமன் அண்ணன் அதிலும் அதே சிரிப்புச் சிரிக்கிறார்.

மே 25, திங்கள்

நாகஜோதி வந்துவிட்டாள். ஏர்போர்ட்டுக்கு நானும் என் பழைய வண்டியும் மட்டும். அது நல்லதாகப் போயிற்று.

மே 28, வியாழன்

மன்றத்துப் பையன் அருண்பாண்டி போன் செய்தான். "அண்ணே, அன்னைக்குக் குடுத்த ஈட்டி சும்மாதான கெடக்கு? குடுத்து விடுங்க. கீழக்குயில்குடியில ஒரு புள்ள மாவட்டத்துல ஜெயிச்சுருச்சு. ஞாயித்துக்கெழம விழா. நல்லா எறியுமாம், எறிஞ்சு காட்டச் சொல்லுவோம்."

"புள்ளைக்கு என்ன வயசு?"

"எட்டாப்பு படிக்குதுண்ணே."

"அந்தப் புள்ள அப்பன் நம்பரக் குடு. அவர்ட்ட நான் பேசிக்கிறேன். ஈட்டியவும் நாளைக்கு வந்து எடுத்துக்க."

புள்ளையை எறிய விட வேண்டாம் என்று பேசினேன். நல்ல மனுசன், தலையாட்டுவது போனிலேயே கேட்டது. எனக்குப் பயமாகிவிட்டது.

பட்டறைக்குப் போய் ஈட்டியை வைஸ் இடுக்கியில் மாட்டினேன். கட்டிங் மெஷினைப் போட்டேன். நீளம் அதிகம், மறுமுனை ஆடியது. சத்தம் கேட்டு நாகஜோதி வந்தாள். ஆடாமல் பிடித்துக்கொண்டாள். இடது கையால்.